காவோலையை எடுக்கச் சொன்னேன்

கல்யாணப் படம் எடுப்பவளுக்கு ஒரு கட்டத்தில் முகங்கள் அலுத்துவிடும். எனக்கு அலுத்து மூன்று வருடமாகியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு முகூர்த்த நாளில் இரண்டு மண்டபம் ஓடுவேன். தாலி கட்டும் நேரத்தில் எந்த மாமா குறுக்கே வந்து கைபேசியை நீட்டுவார் என்று அவர் வருவதற்கு முன்பே தெரிந்து நகர்ந்து நிற்பேன். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. உனக்கென்று ஒரு படம் கடைசியாக எப்போது எடுத்தாய் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்படி இருந்தபோதுதான் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை எங்கள் ஊர், பெண் யாழ்ப்பாணம். தை மாதம். கல்யாணம் முடிந்தும் விமானத்துக்கு ஐந்து நாள் மிச்சமிருந்தது. "நெடுந்தீவுக்குப் போங்கோ, அங்கை குதிரையள் நிக்கும், உங்களுக்கு வடிவான படம் கிடைக்கும்" என்றார் பெண்ணின் சித்தி. குதிரை என்றதுமே எனக்குப் பாதி ஆசை போய்விட்டது. நாட்காட்டிக் குதிரைகளை யார் எடுப்பது? ஆனாலும் விடுதி அறையில் மல்லாந்து கிடப்பதற்கு அது மேல் என்று கிளம்பினேன்.

குறிகட்டுவான் வரைக்கும் பேருந்து. அங்கிருந்து படகு. படகின் கீழ்த்தட்டில் உட்கார்ந்தது என் முட்டாள்தனம். எண்ணெய் வாசமும் ஆட்டமும் சேர்ந்து பத்தே நிமிடத்தில் என் வயிற்றைப் புரட்டிவிட்டன. பக்கத்தில் இருந்தவர் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். இறங்கும்போது நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் அதற்குள் தன் முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

குதிரைகளைப் பார்த்தேன். நாற்பது படம் எடுத்தேன். அன்று மாலையே நாற்பதையும் அழித்தேன். பொந்துள்ள பெரிய மரத்துக்குள் நின்று எல்லோரும் எடுக்கும் படத்தை நானும் எடுத்தேன். அதையும் அழித்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு, இனி எதையும் எடுப்பதில்லை என்ற முடிவோடு சும்மா சுற்றக் கிளம்பினேன். அப்போதுதான் அந்த வேலிகள் கண்ணில் பட்டன.

உண்மையில் வந்ததிலிருந்தே அவை என் இரண்டு பக்கமும் இருந்தன. தீவு முழுக்க வேலிகள் கல்லால்தான். முருகைக்கல் என்கிறார்கள், கடலில் வளர்ந்து செத்துப்போன பவளக் கல். சாந்து கிடையாது, சிமெந்து கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுப்பளவோ நெஞ்சளவோ உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அருகே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூளை மாதிரி, பூ மாதிரி, தேன்கூடு மாதிரி கோடுகள். கற்களுக்கு நடுவே ஏராளமான ஓட்டைகள். மாலை வெயில் தாழ்ந்து வந்தபோது அந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் ஒழுகி, வேலியின் மறுபக்கம் புல்தரையெல்லாம் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை, அழுகைகூட வந்தது. நான் வளர்ந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் மலை தெரியும். கண் போய் முட்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கும். இங்கே வானம் தரை வரைக்கும் இறங்கி வந்துவிடுகிறது. முட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லாத அந்தப் பரப்பில் இந்தச் சாம்பல் நிறக் கோடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தரையில் குப்புறப் படுத்து எடுத்தேன். வழியே சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, "தங்கச்சி, விழுந்துபோனீரோ?" என்று பதறிக் கேட்டார். "இல்லீங்க, படம் எடுக்கறேன்" என்றேன். "வேலியையோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். அன்றிரவு படங்களைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் வரவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு என் கை எனக்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அந்த அக்காவைப் பார்த்தேன்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன பூச்சட்டை. வேலி ஓர் இடத்தில் ஓராள் அகலத்துக்குக் கல் விலக்கப்பட்டு இடைவெளியாக இருந்தது. தாண்டிப் போகிற அந்த மாதிரி வழியைக் கடப்பு என்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஆளில்லாத பெரிய வளவு, வேலியடைத்த வீட்டுமனை. அதில் இடிந்த வீடு, ஒரு கிணறு. இந்தப் பக்கம் அக்காவின் சின்ன வீடும் ஆட்டுக்கொட்டிலும். அவர் இரண்டு கையிலும் வாளியோடு அந்த வளவிலிருந்து கடப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். வாளிகளை இறக்கிவைத்தார். உடனே பக்கத்தில் கிடந்த காய்ந்த பனையோலையை, காவோலையை, இழுத்து அந்த இடைவெளியை மூடினார். பிறகுதான் என்னைக் கவனித்தார்.

பேச்சுக் கொடுத்தேன். தேநீர் தந்தார். கணவர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு போய், உள்ளே கட்டிலில் இருந்தார். மகள் கல்யாணமாகி வவுனியாவில். "எங்கட கிணத்துத் தண்ணி உப்பு. ஆடும் குடியாது. அங்காலைக் கிணறு மட்டும் நல்ல தண்ணி. பெரியப்பான்ர மகளின்ர வளவு. அவை எல்லாரும் வெளியிலை" என்றார். வெளியிலை என்றால் வெளிநாட்டில்.

நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் கண் அந்தக் கடப்பிலேயே நின்றது. சூரியன் வளவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. கல்வேலி முழுக்கப் பொட்டு வெளிச்சம், நடுவே ஓராள் அகலத்துக்கு முழு வெளிச்சம், அதில் இரண்டு வாளியோடு ஒரு பெண். படம் என் கண்ணுக்குள் முழுதாக இருந்தது. காவோலை ஒன்றுதான் இடைஞ்சல்.

"அக்கா, ஒரே ஒரு படம். அந்த ஓலையைக் கொஞ்சம் எடுத்துட்டு, வாளியோட அங்க நிக்கிறீங்களா?"

அவர் காவோலையைப் பார்த்தார். "அதையும் எடுக்கவேணுமே?"

"அது மறைக்குதுக்கா. குப்பை மாதிரி தெரியும்."

"வேறை சட்டை போட்டுக்கொண்டு வரட்டே?"

"வேண்டாம்க்கா, இதுதான் அழகு."

அப்போதும் அவர் எழவில்லை. "எங்கை போடுவீர் இந்தப் படத்தை?" என்று கேட்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். கல்யாண வீடுகளில் கூச்சப்படுகிறவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது எனக்கு அத்துப்படி. சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்ல நாலு பேர் பார்ப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர் எழுந்துபோய்க் காவோலையை இழுத்து ஓரமாகப் போட்டார். வாளிகளை எடுத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சின்னக் கலவரம் இருந்தது. அந்தக் கலவரம்தான் படத்துக்கு உயிர் கொடுக்கிறது என்று எனக்கு அப்போது ஒரே சந்தோஷம். நான் எடுத்து முடித்ததும், நான் பாராட்டி முடிப்பதற்குள்ளேயே, அவர் காவோலையைத் திரும்பப் போட்டு மூடிவிட்டார்.

மகளுக்கு அனுப்ப அந்தப் படம் வேண்டும் என்று என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் அந்தப் படங்களோடு கிடந்தேன். கல்யாண ஆல்பம் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் ஏழு முறை கூப்பிட்டார்கள். மாசியில் வேலிப் படங்கள் பன்னிரண்டை இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். அக்காவின் படம் முதலில். கீழே நெடுந்தீவு என்று மட்டும் எழுதினேன்.

நாலு பேர் என்று சொன்னேன் அல்லவா? நாலாயிரம் பேரைத் தாண்டிவிட்டது. பாரிஸ், டொரன்டோ, லண்டன் என்று எங்கெங்கோ இருந்து தீவுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். எந்த இடம் என்று அவர்களே ஆராய ஆரம்பித்தார்கள். பனையின் வளைவை வைத்து ஒருவர் ஊகித்தார். கிணற்றுக் கட்டின் உடைசலை வைத்து இன்னொருவர் அடையாளம் சொன்னார். "இது எங்கட வளவு" என்று ஒருவர் எழுத, கீழே இருபது பேர் ஓம், ஓம் என்று சாட்சி சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற எல்லாவற்றுக்கும் இதயப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். "இந்த வேலியிலை கடப்பு எப்ப வந்தது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் இதயம் போட்டேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, சுகமே? அந்தப் படத்தை அழிக்க ஏலுமே? உமக்குக் கரைச்சல் தாறதுக்குச் சொல்லேல்லை. இஞ்சை கொஞ்சம் பிரச்சினையாப் போட்டுது."

உடனே அழித்தேன். பிறகுதான் கூப்பிட்டுக் கேட்டேன். பெரியப்பா மகளான அந்த வளவுக்காரியின் தம்பிமார் இருவர் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். வளவு மூன்று பேருக்கும் பொதுவானது, இன்னும் பிரிக்கவில்லை. தங்கள் காணிக்குள் பக்கத்து வீட்டுக்காரி வழி போட்டிருக்கிறாள் என்று உலகமே பார்க்கிறதே என்று கொதித்திருக்கிறார்கள். வாரம் முடிவதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆள் மேசனோடு வந்து, கடப்பைச் சிமெந்துக் கல் வைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். ஆறு வரிசைக் கல் என்றார் அக்கா. வளவின் முன்வாசலுக்கு ஏற்கெனவே பூட்டு.

"இப்ப தண்ணிக்கு என்னக்கா பண்றீங்க?"

"ரோட்டிலை தண்ணித் தாங்கி இருக்கு. தண்ணி வண்டி வந்து ஊத்தும். முக்கால் மைல் வரும். அதை விடும், நீர் என்ன செய்வீர்."

அழித்தால் போயிற்று என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? யார் யாரோ எடுத்து எங்கெங்கோ போட்டிருந்தார்கள். ஒரு சங்கத்தின் வாழ்த்துப் படத்தில் அக்கா வாளியோடு நின்றார், தலைக்கு மேலே ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து. ஒவ்வொருவராகக் கெஞ்சி எழுதினேன். சிலர் நீக்கினார்கள். பலர், இவ்வளவு அழகான படத்தை ஏன் நீக்கச் சொல்கிறீர்கள் என்று என்னைத் தேற்றினார்கள்.

வளவுக்காரியின் எண்ணை, படத்தின்கீழ் கருத்து எழுதியிருந்த ஒருவர் மூலம் தேடிப் பிடித்தேன். ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் இருந்தார். அவரை என் மனதில் ஒரு ராட்சசியாக வரைந்து வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். சண்டை போடவும் தயாராக இருந்தேன்.

"நீர்தானே அந்தப் படம் எடுத்த பிள்ளை?" என்றார். குரலில் கோபமே இல்லை. "படம் வடிவு. பாத்திட்டு அழுதனான்."

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். உப்புக் கிணறு, படுத்த படுக்கையான கணவர், முக்கால் மைல். தண்ணீர் எடுக்கலாம் என்று ஒரு வரி எழுதித் தந்தால்கூடப் போதும் என்றேன்.

அவர் முழுதும் கேட்டார். பிறகு, "எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

"என்ன தெரியும்?"

"கடப்பு இருக்கிறது தெரியும். எட்டு வருசத்துக்கு முதல் நான் ஊருக்குப் போனனான். அண்டைக்கும் காவோலை போட்டு மூடிக் கிடந்தது. ஏன் கிடக்குதெண்டு எனக்கு விளங்கினது. எனக்கு விளங்கினது அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

"ஏங்க்கா கதைக்கல?"

"கதைச்சால் நான் ஓம் எண்டு சொல்லவேணும், இல்லாட்டி இல்லை எண்டு சொல்லவேணும். ஓம் எண்டால் தம்பிமார் என்னை விடாயினம். பத்து வருசம் நடந்தால் பாதை அவளுக்குச் சொந்தமாப் போடும் எண்டு சட்டம் கதைப்பினம். இல்லை எண்டால் அவள் தண்ணிக்கு எங்கை போறது? என்ர சித்தப்பான்ர பிள்ளை. அதாலை நான் பாக்கேல்லை. அவளும் காட்டேல்லை. அப்பிடியே போய்க்கொண்டிருந்தது."

அவரே தொடர்ந்தார்.

"இப்ப படத்திலை காவோலை இல்லை பிள்ளை. எல்லாரும் பாத்திட்டினம். இனி நான் பாக்காத மாதிரி இருக்க ஏலாது."

மன்னிப்புக் கேட்டேன். "உம்மிலை பிழை இல்லை" என்றார். எழுதித் தருவது பற்றித் திரும்பக் கேட்டேன். மூன்று பேர் கையெழுத்து வேண்டும், தம்பிமார் போடமாட்டார்கள், தான் மட்டும் போட்டால் அது கூடப்பிறந்தவர்களோடு வழக்கில் போய் முடியும் என்றார். அவருக்கும் அழுகை வந்துவிட்டது. நான் சண்டை போடலாம் என்று வந்தவள். சண்டை போட எதிரில் யாருமே இல்லை. அந்தக் காய்ந்த ஓலையை நான் குப்பை என்றேன். எட்டு வருடமாக இரண்டு பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் காப்பாற்றி வந்த ஏற்பாடு அது. அதைப் படத்துக்கு இடைஞ்சல் என்று எடுக்கச் சொன்னவள் நான்.

ஆடியில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. நெடுந்தீவுக்குத் திரும்பப் போனேன். போய் என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். கேமராவை எடுத்துப் போகவில்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலம், படகு வந்த வழியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. தையில் பச்சையாக இருந்த தரை இப்போது காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. வேலிகள் அப்படியேதான் நின்றன, ஓட்டை வழியாக வெளிச்சம் அப்படியேதான் விழுந்தது. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அக்கா என்னைக் கண்டதும் சிரித்தார். "வந்தனீரோ? சாப்பிட்டனீரோ?" என்றார். சாம்பல் வேலிக்கு நடுவே புதுச் சிமெந்து மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆடு இரண்டை விற்றுவிட்டதாக மட்டும் சொன்னார், அவற்றுக்கும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை என்று. கட்டிலில் இருந்த கணவர் என்னைப் பார்த்து, "படக்காரப் பிள்ளையோ?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்ணீர் வண்டி வரும் நேரம். சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கேன்களை, அங்கே கான் என்கிறார்கள், கட்டிக்கொண்டு அக்கா புறப்பட்டார். நானும் கூடவே போனேன். தாங்கியடியில் வரிசை நீளம். ஒரு மணி நேரம் நின்றோம். வரிசையில் இருந்த பெண்கள் என்னை ஒரு முறை பார்த்தார்கள், பிறகு தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அக்கா கான்களை நிரப்பிக் கட்டினார்.

"நான் தள்ளறேன்க்கா."

"வேண்டாம், பாரம்."

"இல்லக்கா, தள்ளறேன். இதையாவது செய்ய விடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை விட்டார். நாற்பது லிட்டர் தண்ணீர். தள்ளினால் அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். இருநூறு அடி எப்படியோ போனேன். பாதை மணலாகிற இடத்தில் காற்று ஒரு வீச்சு வீசியது. முன்சக்கரம் திரும்பிப் புதைந்தது. சைக்கிள் என் கையை விட்டுச் சாய்ந்தது. ஒரு கானின் மூடி தெறித்துப் போனது. நான் கானை நிமிர்த்தப் பார்த்தேன், சைக்கிளை நிமிர்த்தப் பார்த்தேன், இரண்டும் ஏலவில்லை. அக்கா ஓடி வந்து தூக்குவதற்குள் கான் காலியாகிவிட்டது. தண்ணீர் விழுந்த இடம்கூட நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துகொண்டு வந்தது.

"ஐயோ அக்கா."

"பறவாயில்லை. விடும், உமக்கு ஏலாது" என்றார். மூடியைத் தேடி எடுத்து, சட்டையில் மண்ணைத் துடைத்தார். நிறைந்திருந்த கானைப் பாதையோரமாக இறக்கி வைத்தார். காலிக் கானோடு சைக்கிளைத் தாங்கிப் பக்கம் திருப்பினார். வரிசை இன்னும் நீண்டிருந்தது.

"நானும் வந்து வரிசையில நிக்கறேன்க்கா."

அவர் நின்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேண்டாம் தங்கச்சி. நீர் பக்கத்திலை நிண்டால் எல்லாரும் பாக்கினம். என்னை இனி ஒருத்தரும் பாக்காமல் விட்டால் போதும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் அந்த ஒரு கான் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றேன்.